இரண்டே கால் மீட்டர் கம்பளி

கோட்டு முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கடைசிப் பட்டனைத் தைத்து நூலை அறுத்தேன். அக்டோபர் நடுவில் வெட்டத் தொடங்கிய துணி, ஜனவரி பாதியில்தான் கோட்டாக நிற்கிறது. திங்கட்கிழமை காலையில் அதைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் இருபது நிமிஷம் நின்றேன், ஈரக்காற்று அடித்தது, முதுகில் குளிரவில்லை. அது போதும் எனக்கு. ஆனால் அந்த முதுகுக்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது, எந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும்.

வெளித்துணியை வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. நான் இருப்பது பாட்லி, லீட்ஸுக்குத் தென்மேற்கே உள்ள சின்ன ஊர். இங்கே குடிவந்த முதல் குளிர்காலத்தில் ஒரு சேரிட்டி கடையில் பழைய திரைச்சீலைகளுக்கு அடியில் பாட்டில் கிரீன் நிறத்தில் ஒரு மடிப்புத் துணி கிடந்தது. இழுத்துப் பார்த்தால் கனம் கையைக் கீழே தள்ளியது. கரையில் 'ப்யூர் நியூ வுல், மேட் இன் இங்கிலாந்து' என்று மஞ்சள் நூலில் நெய்திருந்தார்கள். யாரோ கோட்டு தைக்க வாங்கி வைத்து, தைக்காமலே போயிருக்க வேண்டும். விலை 6 பவுண்டு. வீட்டுக்கு வந்து அளந்தேன், இரண்டே கால் மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். சமையலறைத் தராசில் வைத்தேன், 1,950 கிராம். அதாவது சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 580 கிராம், நல்ல ஓவர்கோட்டுத் துணியின் கனம். ஓரத்திலிருந்து நாலு இழை உருவிப் பற்ற வைத்தேன். முடி பொசுங்கும் வாடை வந்தது, மிச்சம் விரலில் பொடியாக உதிர்ந்தது. பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி, ஆறியதும் கறுப்பு மணிபோல இறுகியிருக்கும். பழைய துணி வாங்குகிறவர்கள் இந்த ஒரு சோதனையைப் பழகிக்கொண்டால் கரையில் எழுத்து இல்லாத துணியையும் தைரியமாக எடுக்கலாம் (பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்).

அப்புறம் அந்தத் துணி கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. அதன் மேலே இன்னும் பல துணிகள் சேர்ந்தன. ஒரு சாம்பல் நிற ஆண் பிளேசர், கழுவிக் கழுவி மெலிந்துபோன ஒரு கம்பளிப் போர்வை, பிரித்தெடுத்த பட்டன்கள். வருஷா வருஷம் செப்டம்பரில் பெட்டியைத் திறப்பேன், பச்சைத் துணியைத் தடவிப் பார்ப்பேன், மூடுவேன். பயம்தான் காரணம். புதுத்துணி என்றால் தப்பாக வெட்டிவிட்டால் இன்னொரு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். இது உலகத்திலேயே இவ்வளவுதான் இருக்கிறது. கத்திரி வைத்துவிட்டால் திரும்ப வழியில்லை.

போன வருஷம் பெட்டியைத் திறந்தபோது அந்துப்பூச்சி புகுந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் ஒரு முனைக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் வெளிச்சப் புள்ளிகள், ஏழு ஓட்டை, அதில் இரண்டு பட்டாணி அளவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று மூடி வைத்ததுதான் அதற்குச் சாப்பாடாகியிருக்கிறது. உடனே துணியை உதறி, பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் இருந்தால் முட்டையும் புழுவும் சாகும். தேங்காய்த் துருவல் பாக்கெட்டுக்கும் பச்சைப் பட்டாணிக்கும் நடுவில் என் கோட்டு இரண்டு வாரம் இருந்தது. வெளியே எடுத்த அன்றே முடிவு பண்ணிவிட்டேன், இனி இதைப் பெட்டிக்குள் வைக்கப் போவதில்லை.

இந்த ஊரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். பழைய கம்பளியைப் புதிதாக்கும் தொழில் பிறந்தது இதே பாட்லியில்தான். 1813இல் பெஞ்சமின் லா என்பவர் கந்தல் கம்பளியைக் கிழித்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்க ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தத் துணிக்குப் பெயர் ஷாடி. பிறகு கொஞ்ச காலத்தில் தையல்கடை வெட்டுத்துண்டுகளையும் இறுக்கமாக நெய்த பழைய துணியையும் கிழித்து மங்கோ என்று இன்னொரு வகை வந்தது. பாட்லிக்கும் பக்கத்து ஊர் டியூஸ்பரிக்கும் வெளிநாடுகளிலிருந்துகூடக் கந்தல் மூட்டைகள் வந்து இறங்கின. பெண்கள் மேசை முன்னால் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரித்து, பட்டனையும் தையலையும் வெட்டி எடுத்துப் போடுவார்கள், பற்கள் வைத்த உருளை இயந்திரம் அதைப் பிய்த்துத் தள்ளும். அந்த இயந்திரத்தைப் 'பேய்' என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து கிளம்பிய தூசியில் வேலை செய்தவர்களுக்கு 'ஷாடி காய்ச்சல்' வந்தது. நூற்க முடியாத கழிவைக்கூட வீணாக்கவில்லை. தழைச்சத்து நிறைந்தது என்று வேக்ஃபீல்டு பக்கத்து ருபார்ப் (புளிப்பான தண்டுக்காக வளர்க்கும் செடி) தோட்டங்களுக்கு உரமாகப் போட்டார்கள். இன்றைக்கு ஷாடி என்றால் ஆங்கிலத்தில் மட்டமானது என்று அர்த்தம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இல்லாதவர்கள் முதுகைச் சூடாக வைத்த துணி அது. என் துணியின் கரையில் 'நியூ வுல்' என்று அழுத்திச் சொல்லியிருப்பதும் இதனால்தான், அதாவது இது கிழித்து நூற்றது அல்ல என்று.

நான் திருப்பூர்ப் பெண். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர். எங்கள் ஊரிலும் கட்டிங் வேஸ்ட்டைக் குப்பை என்று யாரும் சொல்வதில்லை. நிறம் பிரித்து மூட்டை கட்டி மில்லுக்குப் போகும், நூலாகத் திரும்பி வந்து போர்வையாகவும் லுங்கியாகவும் மாறும். பாட்லியில் மில்கள் மூடிவிட்டன. மேலை நாடுகள் கழித்துப் போடும் ஸ்வெட்டர்கள் இப்போது கப்பலேறி ஹரியானாவின் பானிபட்டுக்குப் போகின்றன, அங்கே கிழித்து நூற்று, நிவாரண முகாம்களில் கொடுக்கும் மலிவான போர்வைகளாகின்றன. அதனால் இந்த ஊரில் உட்கார்ந்து பழைய துணியில் தைப்பது எனக்குப் புது இடத்துப் பழக்கமாகத் தோன்றவே இல்லை.

சரி, கோட்டுக்கு வருகிறேன். நான் விரும்பியது கெண்டைக்கால் வரை வரும் நீளக் கோட்டு, அகலக் காலர், மூடி வைத்த பாக்கெட். பேட்டர்ன் உறையில் மூன்றே கால் மீட்டர் வேண்டும் என்று போட்டிருந்தது. என்னிடம் ஒரு மீட்டர் குறைவு, இருப்பதிலும் ஒரு முனையில் பூச்சி ஓட்டை. முதலில் பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரிக் கோட்டு தைத்தேன். இதை மட்டும் யாரும் விடாதீர்கள். உள்ளே தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும், கையை முன்னால் நீட்டிப் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் நின்று பார்க்க வேண்டும். எனக்கு முதுகில் இறுகியது, ஒன்றரை செ.மீ. கூட்டினேன். ஷோல்டரை ஒரு செ.மீ. குறைத்தேன். அந்தப் படுக்கை விரிப்பைப் பிரித்து அதையே வெட்டும் அளவாக வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளி, துணியைத் தரையில் விரித்து, அளவுகளை அடுக்கத் தொடங்கினேன். சனிக்கிழமை காலை முழுக்கப் போயிற்று. எப்படி வைத்தாலும் ஒரு கை வெளியே நின்றது. கம்பளிக்கு மயிர் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும், உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். ஒரு துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டால் வெயிலில் அது மட்டும் வேறு நிறமாகத் தெரியும். அதனால் திருப்பிப் போட்டு இடம் பிடிக்கவும் வழியில்லை. கடைசியில் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுப் போனை நாற்காலி மேல் ஏறி நின்று பிடித்தேன்.

அப்பா ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. கம்பளித் துணியை வெட்டியவர் இல்லை, வாழ்நாள் முழுக்கப் பனியன் துணிதான். ஆனால் துணியில் இடத்தைப் பார்க்கும் கண் எங்கே போகும். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசாமல் பார்த்தார். "எல்லாம் ஒரே பக்கமாத்தான் வெக்கோணும், கண்ணு. அதுல கை வெக்காத" என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். முதுகு ஒரே துண்டாக வேண்டுமா? நடுவில் தையல் வந்தால் பரவாயில்லையா? காலருக்கு அடிப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? "கீழ மடிச்சுத் தைக்க அஞ்சு சென்டிமீட்டர் விட்டிருக்கியே, அதுக்கு வேற துணியில பட்டி குடு." கையை மேல்கை, அடிக்கை என்று இரண்டு துண்டாக நான் ஏற்கெனவே பிரித்திருந்தேன், ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். அடிக்கையைத் தனியாக எடுத்து முன்பக்கத் துண்டின் கைச்சுற்று வளைவுக்குள் நுழைக்கச் சொன்னார். சரியாக உட்கார்ந்தது.

நீளத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன். மூடி வைத்த பாக்கெட் போய், பக்கத் தையலுக்குள்ளேயே பாக்கெட் வந்தது. முன்பக்க உள்பட்டியில் மேல்பாதி மட்டும் பச்சைக் கம்பளி, ஏனென்றால் காலருக்குக் கீழே மடிந்து திரும்பி வெளியே தெரியும் இடம் அது, இரண்டாவது பட்டனுக்குக் கீழே சாம்பல் பிளேசரிலிருந்து எடுத்த துணியை ஒட்டுப்போட்டேன். அடிக்காலரும் பிளேசர் துணிதான், கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டியது. கிராஸில் வெட்டினால்தான் கழுத்தைச் சுற்றி வளைந்து படியும். ஆண்கள் கோட்டில் அடிக்காலருக்கு வேறு துணி போடுவது தையல்காரர்களின் பழைய வழக்கமே, அதனால் இது குறையே இல்லை. இப்போது யோசித்தால், துணி மூன்றே கால் மீட்டர் இருந்திருந்தால் உறையில் இருந்த படத்தைப் போலவே ஒரு கோட்டு வந்திருக்கும். முதுகின் நடுத்தையல் இருப்பதால் இடுப்பில் அழகாக உள்வாங்கி நிற்பது, நடக்க வசதியான இந்த நீளம், காலரைத் தூக்கினால் தெரியும் சாம்பல் நிறம், எல்லாமே துணி போதாததால் வந்தவை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

லீட்ஸில் 1858இல் ஜான் பாரன் என்ற தையல் முதலாளி, மரம் அறுக்கும் பட்டை ரம்பத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரிக் கத்தியால் பல அடுக்குத் துணியை ஒரே நேரத்தில் வெட்டத் தொடங்கினார். திருப்பூரில் அப்பா நின்று வேலை செய்த பேண்ட் நைஃப் மிஷின் அதன் வாரிசு. இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம், அந்த முதல் மிஷினின் போட்டோ கிடைக்குமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

வெட்டுவதற்கு முன் சுருக்க வேண்டும். பருத்தி விரிப்பை நனைத்துப் பிழிந்து, கம்பளியின் மேல் விரித்து இரண்டையும் சேர்த்துச் சுருட்டி ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் தட்டையாக உலர விட்டேன். மூன்று செ.மீ. நீளம் குறைந்தது. இதைச் செய்த பிறகுதான் அளவுகளை அடுக்கினேன், நல்லவேளை. பூச்சி ஓட்டைகளில் ஐந்து வெட்டுக்கு வெளியே போய்விட்டன. ஒன்று பாக்கெட்டுக்கு உள்ளே மறைந்தது. ஒன்று மட்டும் இடது முன்பக்கத்தில் நெஞ்சுக்குக் கீழே வந்தது. மிச்சத் துணியிலிருந்து இழை உருவி, பின்பக்கத்திலிருந்து நெசவைப் பின்பற்றி டார்னிங் செய்து, ஆவியில் இஸ்திரி போட்டு, மேலே பிரஷ்ஷால் மயிரைத் தூக்கிவிட்டேன். எனக்கு மட்டும் இடம் தெரியும்.

இனி உள்ளே. கோட்டின் முன்பக்கம் தொங்காமல் நிற்பதற்குக் குதிரை மயிர் கலந்த கேன்வாஸ் வைத்தேன். இஸ்திரி போட்டு ஒட்டும் கேன்வாஸ் சுலபம்தான், ஆனால் நான் நாலைந்து குளிர்காலம் போட்ட கடைக் கோட்டு ஒன்றில் அந்தப் பசை விட்டுப்போய் முன்பக்கம் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, அதற்கு மருந்தே இல்லை. அதனால் கையால் தைத்தேன். மடிந்து திரும்பும் பகுதியை இடது கை ஆள்காட்டி விரலில் வளைத்துப் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னச் சாய்தையல், கேன்வாஸைப் பிடித்துக் கம்பளியில் ஒரே ஒரு இழையை மட்டும் தொட்டு. வளைத்துப் பிடித்தே தைப்பதால் துணி அந்த வளைவை மறக்காது, மேசையில் போட்டாலும் தானாகச் சுருண்டு எழும். இரண்டு பக்கமும் காலரும் சேர்ந்து ஒன்பது சாயங்காலம் ஆனது. இந்தக் கோட்டில் நான் மிகவும் ரசித்துச் செய்த வேலை இதுதான்.

மிஷின் தையல் சீக்கிரம் முடிந்தது. 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மி.மீ. தையல் முடிந்ததும் உள்ளே விட்ட துணியைப் படிப்படியாக ஒன்றைவிட ஒன்று குறைத்து வெட்ட வேண்டும், இல்லையென்றால் வெளியே வரப்பு மாதிரித் தடித்துத் தெரியும். கம்பளிக்கு இஸ்திரிதான் பாதித் தையல். ஆவியை நன்றாகக் கொடுத்து, பெட்டியை எடுத்த உடனே சப்பாத்திப் பலகையை மேலே அழுத்தி ஆறும்வரை பிடித்தால், மரம் ஈரத்தை இழுத்துக்கொண்டு தையல் கத்திமுனை போலப் படியும். கையின் தையலை விரித்துத் தேய்க்க, துண்டு சுற்றிய பூரிக்கட்டையை உள்ளே விட்டேன்.

லைனிங் அம்மாவின் சிறுமுகை மென்பட்டுச் சேலை, அரக்கு நிறம். போன தடவை ஊருக்குப் போனபோது அம்மாவே எடுத்துக் கொடுத்தார். "மடிப்புல இத்துப் போச்சு கண்ணு, பீரோவுல வெச்சு என்ன பண்றது, நீ ஏதாச்சும் தைச்சுக்க." பட்டு மடிப்பிலேயே கிடந்தால் அந்த வரியில் இற்றுப்போகும். ஐந்தரை மீட்டரில் மடிப்பு வரிகளைத் தவிர்த்து வெட்டியும் போதுமான துணி கிடைத்தது. லைனிங் என்பது வழுக்க வேண்டும், ஸ்வெட்டர் கை அதில் சிக்காமல் போக வேண்டும், அதற்குப் பட்டு மாதிரி வராது. ஆனால் ஒரு தப்பு செய்தேன். பழைய பட்டுக்கு இழுவையைத் தாங்கும் வலு இருக்காது என்று யோசிக்கவே இல்லை. முதல் தடவை போட்டுக் கையைத் தூக்கியதும் அக்குளில் சர்ரென்று கிழிந்தது. முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் மெல்லிய 'வாயில்' துணியைச் சேர்த்துத் தைத்து, அக்குளில் லைனிங்கை ஒரு செ.மீ. உயர்த்தி, முதுகின் நடுவில் இரண்டரை செ.மீ. மடிப்பு விட்டேன். உடம்பு அசையும்போது அந்த மடிப்பு திறந்து கொடுக்கும், தையல் இழுபடாது. புதுத்துணியிலும் இந்த மடிப்பு அவசியம். ஜரிகைக் கரையை முதுகில் போட்டால் ஸ்வெட்டரைப் பிறாண்டும், அதனால் அதை உள்பாக்கெட்டின் வாய்க்குப் பட்டியாக வைத்தேன், கையை விடும்போதெல்லாம் தட்டுப்படுகிறது.

பட்டுக்கும் கம்பளிக்கும் நடுவில் அந்த மெலிந்த போர்வை. உடம்புக்கு மட்டும், கைக்கு இல்லை, கைக்கும் வைத்தால் முழங்கை மடங்காது. போர்வைத் துண்டுகளை வழக்கமான தையலாக இணைக்காமல், ஓரத்தை ஓரத்தோடு முட்டவைத்து ஜிக்ஜாக் ஓட்டினேன், தடிப்பு வராது.

செலவு என்று பார்த்தால் கம்பளி 6 பவுண்டு, போர்வை 4, கேன்வாஸ் 11, நூல் 4, பட்டன் ஒன்றரை, ஆக இருபத்தாறரைப் பவுண்டு. பிளேசரும் 'வாயில்' துணியும் ஏற்கெனவே கையில் இருந்தவை. நேரம் எழுபது மணிக்கும் மேலே. ஒட்டுப்போட்ட காஜாக்களைப் பற்றி எழுதவில்லை, அதைத் தனியாகப் படங்களோடு எழுத வேண்டும், ஐந்தில் மூன்றுதான் எனக்குத் திருப்தி.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து வீடியோவில் காட்டினேன். அம்மா உடனே கோட்டைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டச் சொன்னார், பட்டைப் பார்த்தார், தையலைக் கேமரா பக்கத்தில் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மிச்சம் எவ்வளவு?"

பச்சைத் துண்டுகளையெல்லாம் பொறுக்கித் தராசில் போட்டேன். 310 கிராம்.

"பதினாறு பர்சென்ட்" என்றார் அப்பா, கொஞ்சம் யோசித்துவிட்டு. "பூச்சி அரிச்சதைக் கழிச்சா பரவால்ல கண்ணு. அதைத் தூக்கிப் போட்டுராத."

போடவில்லை. மூடி இறுக்கமான டப்பாவில் இருக்கிறது, டார்னிங் நூல் உருவுவதற்கு.